இல்லைக்காரி

என் அக்காவுக்கு அவள் தொழில் வட்டாரத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: இல்லைக்காரி. அந்தப் பெயரை வைத்தவரை அவள் எப்படிப் பழிதீர்த்துக்கொண்டாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். மன்னிப்பு, பெருந்தன்மை என்று எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. சொல்லி முடித்த பிறகாவது அடங்குகிறதா பார்ப்போம்.

அக்கா சின்ன வயதிலேயே தேடுவதில் கெட்டிக்காரி. கத்தரிக்கோலைக் காணோம், சாவியைக் காணோம் என்றால் வீட்டில் அவளைத்தான் கூப்பிடுவோம். நான் தேடும் லட்சணம் வேறு. வாசற்படியில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு "காணோம்" என்று கத்துவேன். அப்பா இன்னும் மோசம், கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவைத்துக்கொண்டு கண்ணாடி எங்கே என்று எல்லோர் மேலும் பாய்வார். அக்கா அப்படியில்லை. இழுப்பறையை முழுசாக வெளியே உருவி, அடியில் விரித்த காகிதத்தையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அவள் இல்லை என்றால் இல்லை. அதற்கு மேல் அம்மா இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டாள். "பெரியவளே இல்லன்னுட்டாளா? அப்ப வீட்ல இல்ல. போய் புதுசா வாங்கிட்டு வா" என்பாள்.

இப்படிப்பட்டவள் கணினி படித்தாள். எழுதுவதற்கும் திருத்துவதற்கும் உதவும் எடிட்டர் ஒன்றைத் தயாரித்து, பதிப்பகங்களுக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். மரச்சாமான் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். நாள் முழுவதும் வார்னிஷ் வாடை. இருந்த ஒரே ஜன்னலையும் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய தலைவர் உட்கார்ந்திருப்பார். அவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'கௌரவம்' என்றுதான் சொல்வார்கள். வாயைத் திறந்தால் கம்பெனி கௌரவம், கடிதம் எழுதினால் கம்பெனி கௌரவம். கழிவறைக் குழாய் சொட்டினால்கூடக் கம்பெனியின் கௌரவம் சொட்டுவதாகத்தான் சுற்றறிக்கை வரும்.

அந்தச் சுற்றறிக்கைகளை அவர் இரண்டு விரலால் தட்டுவார். அதை எழுத்துப்பிழை நீக்கிச் சரிசெய்து அனுப்புவது, கேட்காமலே அக்காவின் தலையில் விழுந்த வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கம்பெனியின் எடிட்டரில் ஒரு குறை இருந்தது. திறந்து வைத்திருக்கும் கோப்பில் மட்டும்தான் தேடும். பதிப்பகத்தில் ஒரு புத்தகம் என்பது ஒரு கோப்பு இல்லை, பாடத்துக்கு ஒன்றாகப் பல கோப்புகள். ஒரு சொல்லை எல்லாவற்றிலும் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டும். எல்லாக் கோப்பிலும் ஒரே வீச்சில் தேடும் வசதியை வடிவமைக்கும் பொறுப்பு அக்காவிடம் வந்தது.

கௌரவம் முதலில் தானே பலகையில் ஒரு படம் போட்டுக் காட்டினாராம். கட்டங்கள், கட்டங்களுக்குள் கட்டங்கள், டிக் செய்ய வேண்டிய பெட்டிகள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று கேட்க ஒரு பெட்டி. தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. யாரோ வெளிநாட்டு எடிட்டரில் பார்த்திருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று போட்டுவிட்டார். அக்கா அந்தப் படத்தைத் துடைக்கக்கூட இல்லை, பக்கத்தில் வெற்றிடம் பார்த்துத் தன்னுடையதைப் போட்டாள். ஒரே ஒரு பெட்டி. சொல்லை அடி, என்டரைத் தட்டு. கீழே கோப்பின் பெயர், அதன் கீழ் அந்தச் சொல் வரும் வரிகள். வரியைத் தொட்டால் கோப்பு அந்த இடத்தில் திறக்கும். திருத்திவிட்டுத் திரும்பி வந்தால் பட்டியல் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். அவ்வளவுதான்.

கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். இந்த ஒன்றுமில்லாததைச் செய்ய அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும், ஏனென்றால் சோதனை எலி நான்தான். நான் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். வீட்டில் நான் வேலை பார்க்கும்போது நாற்காலிக்குப் பின்னால் நின்று கொண்டு, நான் எங்கே தயங்குகிறேன், எதைத் தேடி எதைப் பார்க்காமல் விடுகிறேன் என்று கவனிப்பாள். ஒன்றும் கிடைக்காதபோது எடிட்டர் என்ன சொல்ல வேண்டும் என்பதில்தான் அவளுக்கு அதிகக் கவலை.

"இருக்குன்னு யார் வேணா சொல்லலாம்டி, எடுத்துக் காட்டினா போச்சு. இல்லன்னு சொல்றவதான் எல்லா இடத்தையும் பார்த்திருக்கணும்" என்றாள்.

அப்போது என் தொழிலில் தினமும் உயிரை வாங்கும் ஒரு தொல்லையை நான் அவளிடம் சொன்னேன். கௌ, மௌ, பௌ போன்ற எழுத்துகளின் வலப்பக்கம் வரும் குறி பார்வைக்கு அசல் ள மாதிரியே இருக்கும். அதற்கென்று தனி விசை இருந்தாலும் பாதிப் பேர் அதைத் தொடுவதில்லை. முதலில் கெ அடிப்பார்கள், பக்கத்தில் ஒரு ள அடிப்பார்கள், போய்க்கொண்டே இருப்பார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள். சரியாக அடித்துத் தேடினால் தவறாக அடித்தது அகப்படாது.

அக்கா அதற்காக நாலு வரி நிரல் எழுதினாள். எப்படி அடித்திருந்தாலும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு தேடச் சொல்லும் நாலு வரி. அதை எழுத ஒரு வாரம் பிடித்தது. வெள்ளம் என்ற சொல்லிலும் வெ-க்குப் பிறகு ள வருகிறது, கெளுத்தி மீனிலும் அப்படியே வருகிறது, அவற்றைப் போய் ஔகாரம் என்று நினைத்துவிடக் கூடாதே. கௌரவம் வந்து எட்டிப் பார்த்து, நாலு வரிக்கு ஒரு வாரமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாடிக்கையாளர்களைக் கூட்டி வைத்துப் புதிய தேடலைக் காட்டும் நாள் வந்தது. காட்டியவர் அவர். 'நான் யோசித்தது, நான் வடிவமைத்தது' என்று பேசியவரும் அவர். அக்கா பின்வரிசையில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது போகட்டும், அப்படிப்பட்டவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய நாள் அவர் செய்ததுதான் பெரிய துரோகம். அந்த நாலு வரியால் பதில் வர ஒரு கண்ணிமைக்கும் நேரம் கூடுகிறது, எடுத்துவிடு என்று கேட்டிருந்தார். அக்கா மாட்டேன் என்றாள். அவள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அவரே உட்கார்ந்து எடுத்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பள்ளிப் பாடநூல் போடும் பதிப்பகம் ஒன்று அந்த எடிட்டரை வாங்கியது. பழைய புத்தகத்தில் பௌதிகம் என்று இருந்ததையெல்லாம் இயற்பியல் என்று மாற்ற வேண்டும். மாற்றினார்கள். கடைசியாக ஒருமுறை பௌதிகம் என்று தேடினார்கள். எந்தக் கோப்பிலும் இல்லை என்று எடிட்டர் சொன்னது. நம்பி அச்சடித்தார்கள். புத்தகம் வந்தபோது பாதிப் பாடங்களில் இயற்பியல், மீதிப் பாதியில் பௌதிகம். தட்டச்சு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சரியான விசையைத் தொட்டவர், மற்றவர் ள போட்டவர்.

பதிப்பகத்தார் வந்து கத்தியபோது கௌரவம் என் அக்காவை அழைத்து நடுவில் நிறுத்தினார். நிரலைத் திறந்து காட்டி, நாலு வரி காணாமல் போன கதையை அவள் சொன்னாள். அவர் புரியாத மாதிரி தலையை ஆட்டினார். உண்மையில் அவருக்குப் புரியவும் இல்லை. ஒரு கோப்பைத் திறந்து, தன் இரண்டு விரலால் பௌதிகம் என்று அடித்தார். பிறகு தேடல் பெட்டியில் அதே இரண்டு விரலால் பௌதிகம் என்று அடித்தார். வந்துவிட்டது. தான் அடித்ததைத் தானே தேடினால் வராமல் என்ன செய்யும்?

"பாருங்க, நல்லா வேலை செய்யுது. தப்பு பண்ணிட்டு அடுத்தவங்க மேல போடறது கம்பெனி கௌரவத்துக்கு நல்லதில்லம்மா" என்றார் எல்லோர் முன்னாலும்.

அன்றைக்கே அவளை வெளியே அனுப்பினார்கள். அத்தோடு விட்டாரா? போகிற கூட்டத்தில் எல்லாம், 'பிழை வெளியே போய்விட்டது' என்று சொல்லிச் சிரித்தார். இருப்பதை இல்லை என்று சொல்லும் பெண் என்று சொல்லி, இல்லைக்காரி என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். சின்னத் தொழில், பத்து கம்பெனி இருந்தால் அதிகம். அக்கா நேர்காணலுக்குப் போன இடத்தில், "ஓ, அது நீங்கதானா?" என்று ஒருவன் வாய்விட்டுக் கேட்டிருக்கிறான்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வீட்டில் நடந்தது. ஒருநாள் அம்மா டார்ச் லைட்டைக் கேட்டாள். அக்கா அலமாரியைக் குடைந்துவிட்டு, "இங்க இல்லம்மா" என்றாள். அம்மா எழுந்து வந்தாள். அதே அலமாரியைத் திறந்தாள். அதே தட்டில் தானும் ஒருமுறை கையை விட்டுத் துழாவினாள். அம்மாவின் மனதில் ஒன்றும் இல்லை, கை தானாகப் போய்விட்டது. டார்ச் அங்கே இல்லவும் இல்லை. அக்கா அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நின்று அந்த ஆளின் வம்சத்தையே திட்டித் தீர்த்தேன்.

என்னிடம் நிறைய யோசனைகள் இருந்தன. அவர் காரின் நாலு டயரிலும் காற்றைப் பிடுங்குவது, அவர் மனைவிக்குப் பெயர் போடாமல் எதையாவது எழுதிப் போடுவது என்று தினம் ஒன்றாக எடுத்துக்கொண்டு போவேன். அக்கா ஒன்றுக்கும் மசியவில்லை.

"அதெல்லாம் கோபம்டி, ரெண்டு நாள்ல ஆறிடும். எனக்கு ஆற வேண்டாம்" என்றாள். "அந்த ஆள் தேடணும். எல்லார் முன்னாடியும் தேடி, கிடைக்காம நிக்கணும்."

என் அச்சக முதலாளியம்மாவிடம் கெஞ்சி அக்காவுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன். முதலாளியம்மா நல்லவர்தான், ஆனால் அவர் காதிலும் அந்தப் பட்டப்பெயர் விழுந்திருந்தது. கோப்புகளை ஒழுங்காக அடுக்கி வைத்தால் போதும், மென்பொருள் பக்கம் கை வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். அக்கா தலையாட்டினாள். காகிதக் கட்டுகளுக்கும் மை டப்பாக்களுக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் அங்கே உட்கார்ந்து, மற்றவர்கள் போட்ட குப்பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அச்சகம் முழுவதற்கும் ஒரு நல்ல எடிட்டர் வாங்கலாம் என்று முதலாளியம்மா முடிவு செய்தார். வந்து காட்டச் சொன்ன கம்பெனிகளில் கௌரவத்தின் கம்பெனியும் ஒன்று. எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. முதலாளியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்து, அந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"வரட்டும்" என்றாள் அக்கா. "நான் எதையும் தொட மாட்டேன். நீ ஒரே ஒரு வார்த்தை அடிச்சுக் குடு, போதும். எப்பவும் அடிக்கிற மாதிரியே அடி."

அன்றிலிருந்து வீட்டில் அக்கா பாட்டு முணுமுணுத்தாள். இரண்டு வருடத்துக்கு மேல் கழித்துக் கேட்ட அந்த முணுமுணுப்பு எனக்கு இனித்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அந்த நாளும் வந்தது. மேஜையின் தலைப்பக்கத்தில் முதலாளியம்மா, பக்கத்தில் நான், இன்னும் சில பிரிவுக்காரர்கள். அக்கா கடைசி நாற்காலியில். கௌரவம் அதே கழுத்துப்பட்டியோடு உள்ளே வந்தார். அக்காவைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்லா இருக்கியாம்மா? இங்க கோப்பு அடுக்கற வேலையா? நல்லது, நல்லது" என்றார். அக்கா நல்லா இருக்கேன் சார் என்று சிரித்தாள்.

எங்கள் அச்சகக் கோப்புகளையே போட்டுத் தேடிக் காட்டினார். ஒரு பெட்டி, ஒரு என்டர், கீழே பட்டியல். அக்கா போட்ட வடிவம், பொட்டுக்கூட மாறவில்லை. பழைய விவகாரம் ஒன்று காதில் விழுந்ததே என்று முதலாளியம்மா இழுத்தார். கௌரவம் அக்கா பக்கம் திரும்பாமலே கையை அவள் திசையில் நீட்டினார். "அது அப்பவே முடிஞ்சு போச்சு மேடம். பிழை வெளிய போயிடுச்சு" என்றார். பிரிவுக்காரர்களில் ஒருவர் சிரித்தார்.

அக்கா கையைத் தூக்கி அனுமதி கேட்டாள். புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து கம்பெனியைப் பற்றி சார் ஒரு வரி எழுதட்டும், அதை வேறு ஒருவர் தேடட்டும், அவ்வளவுதான் என்றாள். அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. இரண்டு விரலை நீட்டித் தட்டினார். எங்களுக்குத் தெரிந்ததுதான் வந்தது: கௌரவம் எங்கள் முதல் சொத்து. அவர் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கெ. அப்புறம், சுற்றறிக்கைகளில் அக்கா திருத்தித் திருத்திச் சலித்த அதே ள.

"நீங்க தேடுங்க" என்று அக்கா என்னைப் பார்த்தாள். வீட்டில் டி போட்டுப் பேசுகிறவள், அங்கே நீங்க. நான் விசைப்பலகையை இழுத்து, எப்போதும் அடிக்கிற மாதிரியே கௌரவம் என்று அடித்தேன். என்டரைத் தட்டினேன். பட்டியல் வந்தது. எங்கள் ஆட்கள் எழுதி நான் திருத்திய பழைய கோப்புகள் வரிசையாக இருந்தன. அவருடைய கோப்பு இல்லை. அந்தக் கோப்பில் மட்டும் தேடும்படி மாற்றிவிட்டு மறுபடி தட்டினேன். பட்டியல் இருந்த இடம் வெள்ளையாகி, நடுவில் ஒரே ஒரு வரி நின்றது.

'கௌரவம்: இல்லை.'

முதலாளியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அதே திரையின் பக்கவாட்டில் கௌரவத்தின் கோப்பு திறந்தே இருந்தது, முதல் சொல்லே கௌரவம். பிரிவுக்காரர் இந்த முறை சிரித்தது வேறு சிரிப்பு.

கௌரவம் என் கையிலிருந்து விசைப்பலகையைப் பிடுங்காத குறையாக வாங்கினார். தானே அடித்தார். வந்தது. நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். அக்கா மெதுவாக, இப்போது எல்லாக் கோப்பிலும் தேடுங்கள் சார் என்றாள். தேடினார். அவருடைய அந்த ஒரு வரி மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வரிசையாக நின்ற எங்கள் கோப்புகளில் ஒன்றைக்கூடக் காணோம். மறுபடி அடித்தார். மறுபடி அதுவே. கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு இன்னொரு முறை அடித்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை. நான் அந்த நேரத்தை அனுபவித்தேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அக்கா எழுந்து, கெ அடித்து ள அடிப்பதையும், சரியான விசையைத் தட்டுவதையும் எல்லோருக்கும் ஒருமுறை காட்டினாள். பாடநூல் கெட்டதும் இதனால்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை முதலாளியம்மா சொன்னார்.

"பிழை வெளிய போயிடுச்சுன்னீங்க. வெளிய போனவங்க ரெண்டு வருஷமா இங்க உக்காந்திருக்காங்க. அப்ப உங்க கம்பெனிக்குள்ள இத்தனை நாளா இருக்கிறது யாரு?"

அவர், அது சர்வர் கோளாறு, வெர்ஷன் கோளாறு என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். முதலாளியம்மா காது கொடுக்கவில்லை, என் அக்காவைப் பார்த்து, நமக்கு வேண்டிய தேடலை நீயே செய்துவிடுகிறாயா என்று கேட்டார். செய்யலாம் என்றாள் அக்கா. மாலைக்குள் செய்தி எல்லாக் கம்பெனிக்கும் போய்விட்டது. போகாவிட்டால் நான் விடுவேனா? தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டு, அந்த வரியைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அன்றைக்கு நானும் அக்காவும் வீட்டுக்குக் கிளம்ப ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது, அவர் தன் காருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார். கழுத்துப்பட்டி கையில் இருந்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு இடத்தில் காட்ட வேண்டியிருக்கிறதாம், ஆபீசில் யாருக்கும் இது பிடிபடவில்லையாம். தணிந்துதான் பேசினார். ஒருவேளை மனதாரக் கேட்டாரோ என்னவோ, நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா" என்றார். "அதைச் சரி பண்றது எப்படின்னு மட்டும் சொல்லிடு."

அக்கா ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துக் கட்டினாள்.

"நாலே வரிதான் சார். நீங்கதான் எடுத்தீங்க. எங்க போட்டீங்கன்னு தேடிப் பாருங்க."

வண்டியைக் கிளப்பினாள். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, தெருமுனை திரும்பும் வரை அவரையே பார்த்துக்கொண்டு போனேன்.